தனிமைக்கு மாத்திரை இல்லை

தாமதமாக வெளிப்படும் துன்பம்

கைகால் வலி, பசியின்மை, தூக்கமின்மை என்று மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த பிறகே தனிமை பலருக்குப் பிடிபடுகிறது. துணையை இழந்தவர்களும், காது மந்தமாகிப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களும் உதவி தேடி மிகவும் தாமதமாக வருகிறார்கள். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 8,71,000 இறப்புகளோடு அதற்குத் தொடர்புண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் கணித்தது.

தவறான நம்பிக்கைகள்

'வீடு நிறைய ஆள் இருக்கும்போது என்ன தனிமை?' என்பது முதல் தவறு. 'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா' என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு முதியவரின் நாள் முடிந்துவிடும் கூட்டுக் குடும்பங்கள் உண்டு. 'வயசானா அப்படித்தான்' என்பதும் சரியல்ல. பதின்வயதினரிடமும் தனிமை அதிகம். நாள் முழுக்க ஓடும் தொலைக்காட்சி துணையாகாது, அது பதில் பேசாது.

எல்லாவற்றிலும் மோசமானது, அடுத்தவர் மருந்துச் சீட்டைக் காட்டி, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை வாங்கி விழுங்குவது. தனிமையை அது தொடுவதுகூட இல்லை. தள்ளாட்டம், இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, மறதி, மாத்திரைக்கு அடிமையாதல் ஆகியவைதான் மிச்சம். பல நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் ஓயவில்லை.

மாத்திரையைத் தேடாமல் மருத்துவரிடம் வந்தால், வேறு காரணம் உண்டா என்று அறிய தைராய்டு, பி12, கேட்கும் திறன், மனச்சோர்வு ஆகியவை பரிசோதிக்கப்படும்.

தன்னார்வ நட்பு

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலைய வளாகத்து மரப்பெஞ்சுகளில் மனம் சோர்ந்தவர்களோடு பேச உட்காரவைத்தார். அங்கே பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்கு குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அறிவுரை சொல்வதில்லை, குறுக்கே பேசுவதில்லை.

தன்னார்வலருக்கு முக்கியம், சொன்ன நாளில் தவறாமல் வருவது. பொன்னாடையோடும் புகைப்படக்காரரோடும் ஒருமுறை வந்து மறைபவர் வராமலே இருக்கலாம். காத்திருந்து ஏமாறுவது முதியவருக்கு இன்னொரு இழப்பு. பணம், சொத்து, மருந்து விஷயங்களில் தன்னார்வலர் தலையிடக் கூடாது.

முன்கூட்டியே

துணை இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்ததும் வீடு வெறிச்சோடும். யாரேனும் வாரம் ஒருமுறை அப்போதே போகத் தொடங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அல்ல. காது மந்தமானவருக்கு வாங்கிய காதுக் கருவியைத் தயவுசெய்து அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு எழுந்தால் நட்பு மட்டும் போதாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணை அன்றே அழைத்து, மருத்துவரிடமும் கூட்டிச்செல்ல வேண்டும்.