எல்லைக்கு இந்தப் பக்கம் – 9: லாகூர் தீர்மானத்தின் பின்பாதி

கராச்சியில் 1947 டிசம்பரில் முஸ்லிம் லீக் இரண்டாகப் பிரிந்ததையும், இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக முகமது இஸ்மாயில் சாகிப் பொறுப்பேற்றதையும் போன வாரம் பார்த்தோம். முன்கதை அவ்வளவு போதும். இந்த வாரம் அவர் கேரளத்தில் நின்ற மஞ்சேரித் தேர்தல்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் 1946-இல் பாகிஸ்தான் கேட்ட கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு 1947-இல் இங்கேயே இருந்துகொண்டது எப்படி என்ற கேள்வியைத் தாண்டி மஞ்சேரிக்குப் போக முடியாது. திண்டுக்கல்லின் பேகம்பூர் போன்ற முஸ்லிம் ஊர்களைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி அது. அதற்கான பதில் லாகூர் தீர்மானத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

1940 மார்ச்சில் நிறைவேறிய அந்தத் தீர்மானத்தின் முன்பாதி எல்லோருக்கும் தெரியும். வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பகுதிகள் தனி அரசுகளாக வேண்டும் என்கிறது அது. பின்பாதியை யாரும் படிப்பதில்லை. முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள மற்ற பகுதிகளில் அவர்களுக்கும் பிற சிறுபான்மையினருக்கும் மதம், பண்பாடு, பொருளாதாரம், அரசியல், நிர்வாகம் ஆகியவற்றில் போதுமான, கட்டாயமான பாதுகாப்புகளை, அவர்களைக் கலந்துகொண்டு, அரசியல் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அந்தப் பகுதி கேட்கிறது. பஞ்சாபுக்கு முன்பாதி. அப்படியென்றால் சென்னை மாகாணத்துக்கு? 1941 கணக்கெடுப்பில் இந்த மாகாணத்தின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 8 சதவீதம். எந்த வரைபடத்தை எப்படிக் கிழித்தாலும் திண்டுக்கல் பாகிஸ்தானில் சேராது. திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்பட்ட தோல் சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறியது. ஆடு வளர்த்தவர், பட்டை உரித்தவர், தொட்டியில் இறங்கி மிதித்தவர், கடன் கொடுத்தவர் என அந்தத் தொழிலின் ஒவ்வொரு கண்ணியும் இந்த மண்ணில்தான் இருந்தது. இஸ்மாயில் சாகிபும் தோல் வணிகத்தில் இருந்தவர். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டு, சென்னையில் வணிகராகக் காலூன்றிய மனிதருக்குத் தன் மக்கள் எந்தப் பாதியில் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

“அப்படியானால் 1946-இல் லீக்குக்கு விழுந்த ஓட்டு எதற்கு?” என்று கேட்கலாம். அந்தத் தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் லீக் பெற்ற பெருவெற்றியை மறைக்க வேண்டியதில்லை. பாகிஸ்தான் கோரிக்கை மேடைதோறும் முழங்கியதும் உண்மை. ஆனால் வரி, சொத்து, படிப்பு இருந்தவர்களுக்கே அன்று வாக்குரிமை. பேகம்பூரின் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள். வாக்களித்தவர்களுக்கும் முஸ்லிம் வாக்காளர்கள் முஸ்லிம் வேட்பாளரை மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறை. அங்கே கேட்கப்பட்டது யார் உங்கள் சார்பில் பேசுவது என்பது. எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதல்ல. அந்த வெற்றியோடு சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரான இஸ்மாயில் சாகிப் 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நாடு பிரிந்த பிறகும் அதே மன்றம், அதே வேலை.

கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற குரல் அப்போது எல்லாப் பக்கமும் எழுந்தது. 1947 டிசம்பர் இறுதியில் லக்னோவில் மௌலானா ஆசாத் கூட்டிய மாநாடும் அதையே வலியுறுத்தியது. ஆசாத்தின் அச்சத்தில் நியாயம் இருந்தது. வட இந்தியா ரத்தத்தில் கிடந்த நேரத்தில் லீக் என்ற பெயரே பழியைக் கூட்டும் என்று அவர் நினைத்தார். அந்த நியாயத்தை முழுமையாக ஒப்புக்கொண்டுதான் எதிர்வாதத்தை வைக்கிறேன். லீக் கலைந்திருந்தால் தீர்மானத்தின் பின்பாதியைக் கேட்க ஆள் இருந்திருக்காது. 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அமைத்தவர்கள் கேட்டது புது எல்லையை அல்ல, எழுதப்பட்டுக்கொண்டிருந்த அரசியல் சட்டத்தில் சில வரிகளை. அதே ஆண்டு நவம்பர் 23-இல் அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயில் சாகிப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எந்தச் சமூகமும் தன் தனிநபர் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பது அதன் சாரம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்தார்கள். ஷரியத் எல்லா முஸ்லிம்களுக்கும் எப்போதும் ஒன்றுபோல இருந்ததில்லை, வட மலபாரில் மருமக்கள்தாயம் என்ற தாய்வழி வாரிசு முறை முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்று அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். அது வலுவான பதில். திருத்தம் தோற்றது. 1949 மே மாதம் இட ஒதுக்கீட்டையும் தனி வாக்காளர் தொகுதியையும் கேட்டு அவர் வைத்த திருத்தமும் தோற்றது. லீக்கிலிருந்து வந்த பேகம் ஐசாஸ் ரசூலே ஒதுக்கீடு வேண்டாம் என்றார்.

தனி வாக்காளர் தொகுதி விஷயத்தில் இஸ்மாயில் சாகிபின் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. பன்னிரண்டு பேரில் பதினொரு பேரின் ஓட்டைக் கேட்கத் தேவையில்லாத பிரதிநிதி நாளடைவில் தனித்துப்போவார். ஆனால் கேட்டது தவறா என்பது வேறு, கேட்டவர் துரோகியா என்பது வேறு. சபையில் எழுந்து, விதிப்படி திருத்தம் கொடுத்து, வாக்கெடுப்பில் தோற்று, தோற்ற பிறகு அதே சட்டத்தின்கீழ் தேர்தலில் நின்றவரை அந்நியர் என்று சொல்ல எந்த அளவுகோலும் இல்லை. 1949 செப்டம்பரில் மொழி விவாதம் வந்தபோதும் அப்படித்தான். காந்தியின் வழியில் இந்துஸ்தானியை ஆதரித்துப் பேசிய அவர், பழமைதான் தகுதி என்றால் தமிழ் முதலான திராவிட மொழிகளுக்குத்தான் அந்த உரிமை என்று டெல்லியில் நின்று சொன்னார். அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதி முடிவான அந்த நாட்களில் இதைச் சொன்னவர் ஒரு லீக் தலைவர் என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் பேகம்பூரை உள்ளடக்கிய இந்த மாவட்டம், 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்த பிறகு ஒரு கட்டத்தில் இஸ்மாயில் சாகிபின் பட்டப்பெயரால் திண்டுக்கல் காயிதே மில்லத் மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. பிறகு மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபோது அந்தப் பெயரும் போயிற்று. 1962, 1967, 1971 என மூன்று முறை ஒரு தமிழரை மஞ்சேரி மலையாளிகள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது ஏன் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அங்கே வாக்குரிமை வயதுவந்த எல்லோருக்கும் இருந்தது, முஸ்லிம் அல்லாதவர்களும் அதே பெட்டியில்தான் ஓட்டுப் போட்டார்கள்.