எண்களின் இடமதிப்பும் பேரெண்களை ஒப்பிடுதலும்

தொடக்கப் பள்ளிக் கணிதத்தில் மிக எளியதாகத் தோன்றி, உண்மையில் மிக அரியதாக இருக்கும் பகுதி இடமதிப்பாகும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கு செய்கைகளும், பின்னர் வரும் தசம பின்னங்களும் இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. இவ்வடிப்படை உறுதிப்படாத குழந்தை விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும். ஆயினும் தனக்குக் கிடைத்த விடை பொருத்தமானதா என்பதை அதனால் கூற இயலாது. கடன் வாங்கிக் கழிப்பதில் தவறு செய்யும் மாணவர்களுக்குக் கழித்தல் கணக்குகளையே மேலும் மேலும் கொடுப்பதால் பயன் விளைவதில்லை. ஒரு பத்து என்பதும் பத்து ஒன்றுகள் என்பதும் ஒன்றே என்ற கருத்து அவர்களுக்கு விளங்காதிருப்பதே பெரும்பாலும் குறையாகும். 2021 ஜூலை 5 அன்று மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பு மாணவர் 9,999 வரையுள்ள எண்களைப் படிக்கவும் எழுதவும் வல்லவராதல் வேண்டும் என இலக்கு வகுத்திருப்பதும் இது பற்றியே.

இப்பொருளை ஆராய ஹெப்பகோடி போன்ற ஓர் ஊர் மிகவும் ஏற்றது. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே இவ்வூர் அமைந்துள்ளது. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் இவ்வழியே செல்கின்றது. தொழிற்சாலை வேலையை நாடிப் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறும் இத்தகைய பகுதியில், ஒரே வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகளை வீட்டில் பேசும் குழந்தைகள் அருகருகே அமர்ந்திருத்தல் இயல்பு. கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் எண் ஒன்றே. அதற்கு வீட்டில் வழங்கும் பெயரோ குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். இடமதிப்பைக் கற்பிப்பதில் எழும் இடர்ப்பாடுகளுள் எவை எண்ணைச் சார்ந்தவை, எவை மொழியைச் சார்ந்தவை என்பதை இத்தகைய வகுப்பிலேதான் தெளிவாகப் பிரித்தறிய முடியும்.

இலக்கமும் இடமும்

444 என்ற எண்ணில் ஒரே இலக்கம் மூன்று முறை வருகின்றது. வலக்கோடியிலுள்ள 4 நான்கையும், அதற்கு இடப்புறமுள்ளது நாற்பதையும், அதற்கும் இடப்புறமுள்ளது நானூற்றையும் குறிக்கின்றன. இலக்கத்தின் வடிவம் மாறவில்லை; இருக்கும் இடம் மாறியதால் மதிப்பு பதின்மடங்காகப் பெருகிற்று. இடந்தோறும் மதிப்பு பத்து மடங்காகும் என்ற விதியை ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி இயற்றிய ஆரியபட்டீயத்தில் கூறியுள்ளார். குவாலியரிலுள்ள சதுர்புஜர் கோயிலின் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண், இன்று நாம் எழுதுவது போலவே பூச்சியக் குறியுடன் பொறிக்கப்பட்டுள்ளது.

பூச்சியத்தின் பணியை மாணவருக்கு விளக்கப் பழந்தமிழ் எண் குறிகள் பெரிதும் உதவும். அம்முறையில் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனிக் குறிகள் உண்டு, பூச்சியம் இல்லை. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவர். அதாவது, 'இரண்டு ஆயிரம், மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து' என்று வாயாற் சொல்வதையே ஏட்டிலும் எழுதினர். 2,005 என்பது ௨௲௫ என அமையும். நூறும் பத்தும் இல்லையாதலின் அவற்றின் குறிகளும் இல்லை. இன்றைய முறையில் ௲, ௱, ௰ ஆகிய குறிகளை நீக்கிவிட்டோம். அவை செய்த வேலையை இடம் செய்கின்றது. ஆகவே, வெறுமையான இடத்தையும் ஒரு குறியால் நிரப்புதல் அவசியமாயிற்று. 'பூச்சியத்துக்கு மதிப்பில்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது மாணவரைத் தவறான வழியில் செலுத்தும். தனக்கென மதிப்பில்லாவிடினும், பிற இலக்கங்களை அவற்றிற்குரிய இடத்தில் நிறுத்தி வைப்பது பூச்சியமே என்று கூறுதல் வேண்டும்.

எண்ணின் பெயரும் எண்ணின் எழுத்தும்

'முந்நூற்று நாற்பத்தைந்து' என்று சொன்னால் 300405 என எழுதும் குழந்தைகளைக் காணாத ஆசிரியர் இரார். இது கவனக் குறைவன்று. முந்நூறு 300, நாற்பது 40, ஐந்து 5 என்று தனித்தனியே கற்ற குழந்தை, கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதிவிட்டது. பழந்தமிழ் முறையில் அவ்வாறு எழுதுவதே சரியுமாகும். பேச்சில் இடத்தின் பெயர் வெளிப்படையாக ஒலிக்கின்றது. எழுத்தில் அது மறைந்து நிற்கின்றது. இவ்வேறுபாடே குழந்தை கடக்க வேண்டிய முதற்படியாகும்.

தமிழ்க் குழந்தைக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஒன்பதின் வரிசையில் நம் மொழி அடுத்த பெரிய இடத்தின் பெயரைக் கொண்டு வருகின்றது. தொண்ணூறு என்பது நூறு என்னும் ஒலியில் முடிகின்றது. ஆயினும் அது நூற்றினும் குறைந்தது. தொள்ளாயிரம் என்பது ஆயிரம் என்று முடிகின்றது. ஆயினும் அது ஆயிரத்தை எட்டவில்லை. 'தொள்ளாயிரத்து ஐந்து' என்று கேட்கும் குழந்தை, ஆயிரம் என்ற ஒலியைப் பற்றிக்கொண்டு 9,005 என்று எழுதிவிடக்கூடும். கன்னடத்தில் இவ்விடர் இல்லை. அங்கு 9 ஒம்பத்து, 90 தொம்பத்து, 900 ஒம்பைனூரு. தொண்ணூறு பத்தின் பெயரையும், தொள்ளாயிரம் நூறின் பெயரையும் முறையே கொண்டுள்ளன. ஆனால் 9-க்கும் 90-க்கும் முதலொலி ஒன்றே வேறுபாடாதலின், அம்மொழிக்குப் புதிய செவி அவ்விரண்டையும் மயங்கக் கேட்கும். தெலுங்கில் 900-ஐத் தொம்மிதி வந்தலு, அதாவது ஒன்பது நூறுகள், என்று நேராகவே கூறுவர். இந்தியிலும் உருதுவிலும் 25 என்பது 'பச்சீஸ்'. ஐந்தின் சாயல் முன்னும் இருபதின் சாயல் பின்னும் நிற்கும். 29 என்பதோ 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு.

இவற்றையெல்லாம் ஆசிரியர் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஆயினும், வீட்டில் 'தொள்ளாயிரம்' என்று கற்ற குழந்தை பள்ளியில் 'ஒம்பைனூரு' என்ற சொல்லைக் கேட்டு விழிக்குமாயின், அது எண்ணை அறியாததன்று, பெயரை அறியாததே என்று உணர்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால், நன்றாக எண்ணத் தெரிந்த குழந்தை கணக்கில் மந்தமானது என்று முத்திரையிடப்பட்டுப் பின்வரிசைக்குத் தள்ளப்படும். அதன் தீங்கு பல ஆண்டுகள் தொடரும். ஆகவே, ஓர் எண்ணைச் சொல்லுமாறு கேட்பதற்கு முன்னர் அதனைப் பொருள்களால் காட்டுமாறு கேட்பது முறை. வகுப்பில் வழங்கும் எல்லா மொழிகளிலும் 9, 90, 900, 9,000 ஆகியவற்றின் பெயர்களைக் குழந்தைகளிடமே கேட்டு, ஒரே அட்டவணையில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்தல் நலம்.

கட்டுகளும் அட்டைகளும்

பொருள்களால் காட்டுவதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகவும், பத்துக் கட்டுகளை ஒரு பெருங்கட்டாகவும் மாணவரே கட்டட்டும். கட்டுவதைப் போலவே அவிழ்ப்பதும் முக்கியமானது. 342-இலிருந்து 158-ஐக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்த்துப் பத்துக் குச்சிகளாக்கினால், 'கடன் வாங்குதல்' என்ற புதிர்ச் சொல் பொருளுடையதாகும்.

அடுத்து இட அட்டைகள். 300, 40, 5 ஆகியவற்றை மூன்று அட்டைகளில், இலக்கங்கள் ஒரே அகலமாக இருக்கும்படி எழுதி, வலப்புற ஓரங்கள் ஒன்றாக வருமாறு ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் 345 என்று தோன்றும். அட்டைகளைத் தூக்கினால் மறைந்த பூச்சியங்கள் மீண்டும் தெரியும். 300405 என்று எழுதிய குழந்தை, தான் எங்கே தவறினோம் என்பதைத் தானே கண்டுகொள்ளும்.

ஆயிரத்துக்கு மேல் குச்சிகள் பயன்படா. அங்கு மில்லிமீட்டர் கோடிட்ட வரைபடத் தாள் உதவும். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 10,000 சிறு கட்டங்கள் உள்ளன. அத்தகைய பத்துச் சதுரங்கள் சேர்ந்தால் ஓர் இலட்சம். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் பத்து இலட்சம். 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவர் முழுவதையும் இத்தாளால் மூடினால் ஒரு கோடிக் கட்டங்கள் ஆகும். இலட்சம், கோடி என்பவை வெறும் சொற்களாக நில்லாமல், கண்ணால் அளக்கத்தக்க அளவுகளாக மாறுவதற்கு இஃதோர் எளிய வழி.

ஒப்பிடும் முறையும் அதன் காரணமும்

இரு முழு எண்களுள் பெரியது எது என்று காண, முதலில் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார். சமமாயின் இடக்கோடியிலிருந்து இடம் இடமாக ஒப்பிடு. முதன்முதலாக வேறுபடும் இடத்தில் பெரிய இலக்கம் உடையதே பெரிய எண் என்பது விதி. இவ்விதியைப் பாடநூல்கள் கூறுகின்றன. அதன் காரணத்தை ஆசிரியரே கூற வேண்டியுள்ளது.

காரணம் இதுவே: எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் வலப்புறத்து இடங்கள் அனைத்தையும் ஒன்பதால் நிரப்பினாலும் அந்த இடத்தின் ஒன்றுக்கு ஈடாகாது, ஒன்று குறையும். 99 நூற்றினும், 999 ஆயிரத்தினும், 99,999 இலட்சத்தினும் ஒன்று குறைந்தவை. ஆகவே, இடப்புறத்து இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால், வலப்புறத்தில் எத்துணைப் பெரிய இலக்கங்கள் இருப்பினும் அவை அதனை வெல்லா. இலக்கங்களை எண்ணிப் பார்க்கும் விதியும் இடமதிப்பு முறையினின்று பிறந்ததே. பழந்தமிழ்க் குறிகளில் 999 என்பது ௯௱௯௰௯ என ஐந்து குறிகள் கொள்ளும். ஆயிரமோ ௲ என்னும் ஒரே குறி. அங்கு இவ்விதி செல்லாது.

பயிற்சிக்குக் கற்பனை எண்களைவிட உண்மை எண்களே சிறந்தவை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து சில இணைகளைக் காண்போம்.

கர்நாடகம் 6,10,95,297, சிக்கிம் 6,10,577. இரண்டும் 6, 1, 0 என்றே தொடங்குகின்றன. முன்னதில் எட்டு இலக்கங்கள், பின்னதில் ஆறு. ஒருவருக்கு ஒரு மில்லிமீட்டர் கட்டம் எனக் கொண்டால், சிக்கிம் மக்கள் ஒரு மீட்டர் சதுரத்திற்குள் அடங்கிவிடுவர். கர்நாடக மக்களுக்கு முன்பு கூறிய சுவர்கள் ஆறும் போதா.

இமாசலப் பிரதேசம் 68,64,602. முதலிரு இலக்கங்களை மட்டும் பார்க்கும் குழந்தை, 68 பெரிது, 61 சிறிது என்று கருதி, இமாசலமே கர்நாடகத்தினும் மக்கள் மிகுந்தது எனக் கூறும். எட்டு இலக்கங்களுக்கு எதிரே ஏழே உள்ளன என்பதைக் காணச் செய்க.

குஜராத் 6,04,39,692. கர்நாடகத்தோடு ஒப்பிட்டால் இலக்கங்களின் எண்ணிக்கையும் கோடியின் இலக்கமும் சமம். பத்து இலட்சத்தின் இடத்தில் 1-க்கு எதிரே 0 நிற்கின்றது, கர்நாடகமே பெரிது.

தமிழ்நாடு 7,21,47,030, மத்தியப் பிரதேசம் 7,26,26,809. கோடியும் பத்து இலட்சமும் சமம். இலட்சத்தின் இடத்தில் 1-க்கு எதிரே 6. வழக்கு அங்கேயே முடிந்தது. ஆயிரங்களில் தமிழ்நாட்டுக்கு 47-உம் மத்தியப் பிரதேசத்துக்கு 26-உம் இருப்பதைக் கண்டு மயங்குதல் கூடாது.

சில எச்சரிக்கைகள்

காற்புள்ளி கண்ணுக்கு உதவியேயன்றி எண்ணின் உறுப்பன்று. 6,10,95,297 என்பதை மில்லியன் முறையில் 61,095,297 என எழுதுவர்; எண் மாறவில்லை. மாணவர் இரு முறைகளையும் காண நேருமாதலின், காற்புள்ளிகளை நீக்கி வலக்கோடியிலிருந்து மீண்டும் இடும் பயிற்சி தேவை.

இலக்கங்கள் மிகுந்தது பெரிது என்பது முழு எண்களுக்கே பொருந்தும். அதனைப் பொது விதியாக மனத்திற் பதித்தால், பின்னர் 0.375 என்பது 0.5-ஐவிடப் பெரிது என்ற பிழை தோன்றும்.

இலக்கங்களால் எழுதப்படுவன யாவும் அளவுகள் அல்ல. ஹெப்பகோடியை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் அஞ்சல் குறியீடு 560099. எலெக்ட்ரானிக் சிட்டியினது 560100. இவற்றுள் எது பெரியது என்ற கேள்விக்குப் பொருளில்லை. ஆயினும் 5,60,099 என்ற எண்ணுக்கு அடுத்தது யாது என்ற கேள்விக்குப் பொருளுண்டு. அதற்கு விடை 5,60,100.

கேட்கத்தக்க வினாக்கள்

பள்ளிகளைப் பார்வையிடும் களப் பணியாளர் கீழ்க்காண்பன போன்ற வினாக்களை உபயோகிக்கலாம். 4,07,052-இல் 7-இன் மதிப்பு என்ன? இவ்வெண்ணில் நூறின் இடத்திலுள்ள இலக்கம் எது? இவ்வெண் முழுவதிலும் எத்தனை நூறுகள் அடங்கியுள்ளன? 3, 0, 8, 5, 1 ஆகியவற்றை ஒவ்வொரு முறை கொண்டு அமையும் மிகப் பெரிய, மிகச் சிறிய ஐந்திலக்க எண்கள் யாவை?

முதல் வினாவுக்கு 7,000 எனவும், இரண்டாவதற்கு 0 எனவும் பலர் கூறுவர். மூன்றாவதற்கு 4,070 எனக் கூறுபவரே இடமதிப்பைக் கட்டுகளாக உணர்ந்தவராவர். இறுதி வினாவின் விடைகள் 85,310-உம் 10,358-உம் ஆகும். சிறிய எண் 0-வில் ஏன் தொடங்கவில்லை என்று தொடர்ந்து கேட்டல் வேண்டும். குறிப்பேட்டில் 'சரி', 'தவறு' என்று மட்டும் பதியாமல், குழந்தை கூறிய விடையையும், எந்த மொழியில் எண்ணியது என்பதையும், கூறிய காரணத்தையும் அப்படியே எழுதிக்கொள்க. அடுத்த வாரம் குச்சிகளை எடுப்பதா, பெயர் அட்டவணையை எடுப்பதா என்பதை ஆசிரியர் அக்குறிப்பிலிருந்தே முடிவு செய்யலாம்.