வண்டியைத் தானம் செய்யப் போகிறீர்களா?

ஜனக்புரியில் இருக்கும் நம் அன்பர் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். முப்பத்திரண்டு வருட தில்லி வாசத்தை முடித்துக்கொண்டு கும்பகோணம் பக்கம் குடிபோகிறார். வீட்டை விற்றாயிற்று, சாமான்களைக் கட்டியாயிற்று. பாக்கி இருந்தது அவருடைய செல்லப்பிள்ளையான மாருதி ஜிப்ஸி. போலீஸில் ஓடிக் களைத்து, "கண்டம்" செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தபோது அவர் எடுத்த வண்டி.

"ஊருக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு சார். அவாளுக்கே தானமா கொடுத்துடலாம்னு பார்க்கறேன். டிரைவர் வந்து ஓட்டிண்டு போயிடுவான். ஆர்.சி.யையும் சாவியையும் கையில கொடுத்தா ஆச்சு, இல்லையா?"

ஆகாது என்றேன். அவருக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர் திரும்பும் அன்பர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். பழைய வண்டியை நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமே என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது.

நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் எங்கள் மாருதி வேனை ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தேன். சந்தன மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நானும் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ். என் பழைய வேன் ஒரு சைக்கிள்காரரை இடித்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. முதல் எதிர்மனுதாரர் டிரைவர், இரண்டாவது எதிர்மனுதாரர் நான்! இல்லத்தார் ஒரே வருஷத்தில் வண்டியை வேறொருவருக்கு விற்றிருக்கிறார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. வாங்கிய புண்ணியவான் இன்ஷூரன்ஸைத் தவறாமல் கட்டி வந்ததால் கம்பெனி பணம் கொடுத்தது. எனக்கு ஆறு வாய்தாக்களோடு போயிற்று. அவர் ஒரு வருஷம் கட்ட மறந்திருந்தால்? பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்.

"வண்டிதான் என்னிடம் இல்லையே" என்று வாதாட முடியாதா என்று கேட்பீர்கள். வாதாடலாம், பலன் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வண்டி ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கை மாறியிருந்தது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அடிபட்டவர், வண்டி யார் யாரிடம் போயிற்று என்று ஊர் ஊராகத் தேடி அலைய முடியுமா என்பதே அதற்குள்ள நியாயம். யோசித்தால் சரிதான் என்று படுகிறது.

தானமாகக் கொடுத்தாலும் விற்றாலும் சட்டத்துக்கு இரண்டும் கைமாற்றமே. ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாள். பெறுபவருக்கு 30 நாள். 29ஆம் படிவம் நீங்கள் கொடுக்கும் அறிவிப்பு. அதை நீங்களே சமர்ப்பித்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் அதை அடைத்து, ஆர்.சி.யில் இருக்கும் பாங்கின் பெயரை எடுத்துவிட வேண்டும். பெறுகிற இடத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வண்டி அறக்கட்டளையின் பெயருக்குப் போகிறதா, மேனேஜரின் சொந்தப் பெயருக்கா? அறக்கட்டளை என்றால் பத்திர நகல், பான் கார்டு, கையெழுத்திட அதிகாரம் தரும் தீர்மானம் எல்லாம் இருக்கும். இழுத்தடித்தால் வேறு இல்லம் பாருங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது நல்லது. ஃபாஸ்டாகை எடுத்துவிட்டு கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் வண்டி அங்கே சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் இங்கே உங்கள் பாங்கில் பணம் கழியும்.

நண்பரின் ஜிப்ஸி தில்லி வண்டி. ஆகவே 28ஆம் படிவம் கொடுத்து, என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று முதலில் இங்கே வாங்க வேண்டும். பிறகு தமிழ்நாட்டில் வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். வயதையும் கவனிக்க வேண்டும். டீசல் வண்டிக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு உறுதி செய்த வரம்பு நாம் அறிந்ததே. 2025இல் அதிலும் மாற்றங்கள் வந்தன. கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நடை கேட்டுவிடுங்கள்.

போலீஸ் வண்டிக்கென்று தனிச் சங்கதிகளும் உண்டு. ஏலத்தில் எடுத்த வண்டியின் பெயர் மாற்றத்துக்கு 32ஆம் படிவம். எடுத்தவர் அதை அப்போதே முடித்திருக்க வேண்டும். ஏலச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் தானம் அரசாங்கப் பெயரில் உள்ள வண்டியைக் கொடுப்பதற்குச் சமம்! "போலீஸ்" எழுத்து, மேலே சுழலும் விளக்கு, சைரன் எதுவும் இருக்கக் கூடாது. ராணுவ ஏல ஜிப்ஸி என்றால் நிறமும் மாற வேண்டும். அந்த ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டுமே உரியது.

"போலீஸ்காரர்களே பழைய ஜீப்பை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாமே" என்றும் ஒருவர் கேட்டார். அரசுச் சொத்து, பொதுவாக ஏலத்துக்குத்தான் போகும். தவிர, 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் அவை போக வேண்டும். சட்டம் ஒழுங்குக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் உள்ள கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, ஓடுகிற நிலையில் ஏலத்துக்கு வருவது 15 வயதுக்குட்பட்டதுதான்.

இதெல்லாம் சரி, ஜிப்ஸியை வைத்துக்கொண்டு முதியோர் இல்லம் என்ன செய்யும்? பின்னால் பக்கவாட்டு பெஞ்சு. ஏறுவதற்கே இளவட்டக் கால் வேண்டும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் நமக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எண்பது வயதுப் பாட்டியை டயாலிசிஸுக்கு இதில் எப்படிக் கூட்டிப்போவது? பெட்ரோலும் நிறையக் குடிக்கும். டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் இல்லத்தின் தலையில். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்கு மாதாந்தரச் செலவு.

அமெரிக்காவில் காரைத் தானம் செய்வது சர்வ சாதாரணம். ஆனால் அங்கே பெரும்பாலான தர்ம ஸ்தாபனங்கள் அந்தக் காரை ஓட்டுவதில்லை. ஏலத்தில் விற்றுப் பணமாக்கிக்கொள்கின்றன. கொடுப்பவர்கள் காரின் மதிப்பை இஷ்டம்போல் உயர்த்திக் காட்டி வரிச் சலுகை பெற்று வந்ததால், 2004இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 500 டாலருக்கு மேல் சலுகை கேட்டால், சில விலக்குகள் தவிர, விற்ற தொகைதான் கணக்கு. நம் நாட்டில் அந்த வழியும் இல்லை. 80ஜி என்று நாம் பழகிய சலுகை பணமாகக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் அதுவும் கிடையாது. செக் அல்லது பாங்க் மூலம் கொடுக்க வேண்டும்.

நண்பருக்கு இது உறைத்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. "வண்டியாக் கொடுத்தா ஒரு பேர் இருக்கும் சார்" என்றார். பிறகு அவரே இல்லத்துக்குப் போன் போட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த அம்மாள் சற்றுத் தயங்கிவிட்டு, "வண்டி வேண்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆட்டோவுக்கே மாசம் எக்கச்சக்கமா ஆகுது, அதுக்கு ஏதாவது ஒத்தாசை பண்ணுங்க" என்றாராம்.

ஜிப்ஸியை டேராடூன் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். மலையில் ஓட்டப் போகிறானாம். என்.ஓ.சி. கைக்கு வரும் வரை நண்பர் சாவியைக் கொடுக்கவில்லை. அதற்காக ரயில் டிக்கெட்டை இரண்டு தடவை மாற்றினார், மாமியிடம் பாட்டும் வாங்கிக்கொண்டார். விற்ற பணம் முழுவதையும் செக்காக இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, 29ஆம் படிவத்தின் ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.