நெருஞ்சி முள்ளும் குருவியின் அலகும்

சென்ற மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவனின் தந்தையார் என் இல்லத்துக்கு வந்தார். அவர் மைந்தன் விலங்கியலிற் சிறப்புப் பட்டம் பெற்று, இப்போது ஆராய்ச்சி மாணவனாக இருப்பவன். "பண்டிதர் ஐயா, முப்பது வயதாகப் போகுது. இன்னும் குருவிக்கு அலகு அளந்துகொண்டு திரியிறான். நிலையான உத்தியோகம் ஒன்று தேடச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாற் கேட்பான்" என்றார். சொல்வதாக வாக்களித்தேன்.

சொல்வதன் முன், அவன் செய்வது யாதென அறிதல் முறையன்றோ? அவனையே அழைத்து வினவினேன். பசிபிக் சமுத்திரத்துச் சிறு தீவொன்றின் வரலாற்றைக் கூறிச் சில நூல்களையும் தந்து சென்றான். அவற்றைக் கற்ற பின் என் வாக்கு எனக்கே பாரமாயிற்று.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு ஒரு குறை உண்டு. மேற்கு மலைக்கு அப்பால் வழங்கிய தமிழ் மலையாளமாகப் பிரிந்தது என்கிறோம். எந்நாளிற் பிரிந்தது என்று கூற வல்லார் யார்? பிரிந்து முடிந்த பின்னரே பிரிவை அறிகிறோம். உயிரினங்களின் தோற்றமும் இத்தகையதே என எண்ணினர். 1835இல் கலாபாகோஸ் தீவுகளைக் கண்ட டார்வினும், கூர்ப்பு மிக மெல்ல நிகழ்வதாதலின் மனிதர் அதனைக் கண்ணாற் காணல் அரிது என்றே கருதினார்.

அத்தீவுகளுள் ஒன்று டாப்னி மேஜர். குடியிருப்பாரும் குடிநீரும் இல்லாத எரிமலைப் பாறை. 1973இல் பீற்றர் கிராண்ட், றோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் அங்கே பிஞ்சுக் குருவிகளை ஆராயத் தொடங்கினர். அவர்தம் இளம் மாணவர் நீரும் உணவும் சுமந்து சென்று, கூடாரத்திலே தங்கிக் குருவிகளின் காலில் நிற வளையம் இட்டு, அலகுகளை ஒவ்வொன்றாக அளந்தனர். அவருள் ஒருவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர் பீற்றர் போக். பெற்றாரின் அலகுப் பருமன் குஞ்சுகளுக்கும் வழிவழி வருவதை அளந்து காட்டியவர் அவரே.

1977இல் மழை பொய்த்தது. பெய்தது 24 மில்லிமீற்றரே. மென்மையான விதைகள் தீர்ந்தன. எஞ்சியது, நம் புலவர் பாடிய நெருஞ்சியின் இனத்ததாகிய ஒரு செடியின் முள்ளுடைக் காய். தடித்த அலகுடைய குருவி அதனை உடைத்துண்டு பிழைத்தது; மெல்லிய அலகுடையது மடிந்தது. நடுத்தர நிலப் பிஞ்சுகளுள் நூற்றுக்கு 85 அளவில் அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீற்றர் அளவே தடித்திருந்தது. முன்னரே அளந்து குறித்தவர் இலராயின், இவ்வுண்மை எவருக்கும் புலப்பட்டிராது.

இனி, வியப்பினும் வியப்பாவது கேண்மின். 1981இல் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எஸ்பானியோலா தீவிலிருந்து வேற்றினப் பெருங்குருவி ஒன்று தனியே வந்து சேர்ந்தது. அதன் பாடல் வேறு, அலகும் வேறு. அஃது உள்ளூர்ப் பெண் குருவியொடு கூடி இனம் பெருக்கிற்று. பாடலை ஆண் குஞ்சு தந்தையிடம் கற்பது. ஆதலின் இவ்வழி வந்த ஆண்கள் பாடிய பாடல் உள்ளூர்ப் பெண் குருவிகளை ஈர்த்திலது. மூன்று தலைமுறைக்குள் இவை தம்முள்ளேயே மணந்து வாழலாயின. 2003 முதல் 2005 வரை நேர்ந்த வறட்சியில் உடன்பிறந்த ஆணும் பெண்ணுமாக இரண்டே எஞ்சின. அவ்விரண்டினின்றும் வமிசம் மீண்டும் தழைத்தது.

இவற்றின் மரபணுவை ஆராய்ந்து மூதாதை வந்த தீவை உறுதிசெய்த கட்டுரை 2017இல் வெளியாயிற்று. அதன் முதல் ஆசிரியர் நேபாளத்தவரான சங்கீத் லாமிச்சானே என்னும் இளைஞர். அவர்கள் அவசரப்பட்டு இவற்றுக்குப் புதிய இனப்பெயர் சூட்டாது, 'வமிசம்' என்றே குறித்தனர். அவ்வடக்கம் என்னைக் கவர்ந்தது. மொழி பிரியும் நாளை நாம் கண்டிலேம். உயிர்க்குலம் பிரியத் தொடங்கும் நாளை இவர் கண்டனர். கண்டது கூரிய மதியினால் மட்டுமன்று, ஆண்டுக்கணக்கில் அளந்த பொறுமையினால்.

தந்தையார் மறுமுறை வந்தபோது, "நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவனுக்கு நாளை உத்தியோகம் கிடைக்கும் என்று உறுதி கூறவும் எனக்கு வலி இல்லை. ஆனால் அவன் செய்வது வீண்வேலை அன்று" என்று இக்கதை முழுவதையும் கூறினேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அரை மில்லிமீற்றர் எண்டால் எவ்வளவு, ஐயா?" என்றார். மேசைமேற் கிடந்த அடிமட்டத்தை எடுத்து, அதிலுள்ள மிகச் சிறிய இடைவெளியைக் காட்டி, "இதிற் பாதி" என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவ்விடைவெளியை அவர் பார்த்தபடியே இருந்தார்.