உறக்கத்துக்கு உரிமை உண்டு, உறக்கத்தை அளப்பவருக்கு?

புது தில்லி: உறக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2012-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் தேதி. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 4-ம் தேதி நள்ளிரவில், கறுப்புப் பண விவகாரத்தில் யோகா குரு ராம்தேவ் தொடங்கிய உண்ணாவிரதத்துக்காகத் தில்லி ராம்லீலா மைதானத்தில் திரண்டு, உறங்கிக் கொண்டிருந்தவர்களைப் போலீஸார் கண்ணீர்ப்புகை வீசியும் தடியடி நடத்தியும் வெளியேற்றினர். அதை நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரித்தது. உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் உறக்கமும் அடங்கும் என்ற கருத்து, நீதிபதி பி.எஸ். சௌஹான் தனியே எழுதிய தீர்ப்பில் இடம்பெற்றது.

போலீஸ் தடியால் கலையும் உறக்கத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. உடலுக்குள்ளேயே மூச்சு அடைபட்டுக் கலையும் உறக்கத்தைக் கண்டுபிடிப்பவர்கள், எய்ம்ஸ், சப்தர்ஜங் போன்ற மருத்துவமனைகளின் தூக்க ஆய்வுக்கூடங்களில் இரவெல்லாம் கண் விழித்திருக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள். நாட்டின் சுகாதாரக் கொள்கை பற்றிய விவாதங்களில் இவர்களின் பெயர் அநேகமாக எழுவதே இல்லை.

ஓர் இரவில் நடப்பது

"பாலிசோம்னோகிராபி" எனப்படும் முழு இரவுச் சோதனைக்கு வரும் நோயாளியிடம் முதலில் சொல்லப்படுவது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வாருங்கள் என்பதுதான். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ய, மண்டையை நாடாவால் அளந்து, குறித்த இடங்களில் மின்முனைகளைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்தடை கூடிவிடும். அது 5 கிலோ ஓமுக்குள் அடங்காவிட்டால் பதிவு நம்பத்தக்கதல்ல. கண்களின் ஓரத்திலும் தாடையிலும் கால்களிலும் மேலும் சில மின்முனைகள். மூக்கருகே காற்றோட்டத்தை அளக்கும் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரல் நுனியில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி. நகப்பூச்சு இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். இடப்புறம் பாருங்கள், வலப்புறம் பாருங்கள், மூச்சைப் பிடியுங்கள், பாதத்தை அசையுங்கள் என்று சொல்லி ஒவ்வொரு கம்பியும் உண்மை பேசுகிறதா எனச் சரிபார்த்த பிறகே விளக்கு அணைக்கப்படுகிறது.

அதன் பிறகு பணியாளர் அடுத்த அறையில் திரை முன் அமர்கிறார். நோயாளி புரண்டு படுக்கும்போது மூக்குக் குழாய் விலகினால், திரையில் அது மூச்சு நின்றது போலவே தெரியும். கோடை இரவில் குளிர்சாதனம் பழுதானால் வியர்வை மின்முனைகளில் இறங்கி மெதுவான அலைகளை உண்டாக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது ஆழ்ந்த உறக்கமாகவே தோன்றும். தில்லியின் ஜூன் மாதத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. நோயாளியை எழுப்பாமல் உள்ளே சென்று குழாயைச் சரிசெய்யவும், எது நோய், எது வியர்வை என்று பிரித்தறியவும் ஆள் வேண்டும்.

காற்றோட்டம் பத்து விநாடிக்கு மேல் ஏறக்குறைய முற்றிலும் நின்றுபோனால் அது மூச்சுத் தடை. மார்புப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் தொடர்ந்து அசைந்தால் தொண்டை அடைத்திருக்கிறது. அவையும் அசையாவிட்டால் மூளையிலிருந்தே கட்டளை வரவில்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ நோய். 30-ஐத் தாண்டினால் தீவிரம். எட்டு மணி நேரப் பதிவை 30 விநாடித் துண்டுகளாக்கினால் 960 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் உறக்கத்தின் எந்த நிலை என்று குறி இட வேண்டும். மருத்துவர் கையெழுத்திடும் அறிக்கை இந்த 960 குறிகளின் மேல்தான் நிற்கிறது.

நோய் உறுதியானவர்களுக்கு, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் "சிபாப்" இயந்திரம் தரப்படுகிறது. எத்தனை அழுத்தம் என்று கண்டறிவதும் இரவுப் பணியாளரின் வேலைதான். 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் தொடங்கி, குறைந்தது ஐந்து நிமிட இடைவெளியில் படிப்படியாக உயர்த்திக் கொண்டே போக வேண்டும். தாடி வளர்த்த சீக்கியர்களுக்கு முகமூடி முகத்தோடு பொருந்தாமல் காற்று கசியும். அதற்கேற்ற முகமூடியைத் தேடிப் பிடிப்பது அனுபவத்தால் மட்டுமே வரும் வித்தை.

எண்ணிக்கை என்ன?

இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் சுமார் 11 சதவீதம் பேருக்கு உறக்க மூச்சுத் தடை உள்ளது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். உழைக்கும் வயதினரில் மட்டும் ஏறத்தாழ 10.4 கோடி பேர், அவர்களில் 4.7 கோடி பேருக்கு நோய் மிதமான அல்லது தீவிர நிலையில் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு. வாகனம் ஓட்டும்போது கண் அயர்ந்து விபத்துக்கு உள்ளாகும் அபாயமும் கூடுகிறது. லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இந்நோய் இல்லை என்று தவறாக எழுதப்பட்டால், விளைவு அவரோடு நிற்பதில்லை.

பணமும் இதில் இருக்கிறது. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் பயனாளிகள் சிபாப் இயந்திரத்தின் விலையைத் திரும்பப் பெற வேண்டுமானால் தூக்கச் சோதனை அறிக்கை தேவை. அரசுப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான ஆதாரத்தைத் திரட்டுபவருக்கு எந்தத் தகுதி இருக்க வேண்டும் என்று நீண்டகாலம் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

வேலை பார்த்தே கற்றவர்கள்

பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற சில நிறுவனங்கள் நரம்பு மின்பதிவுத் தொழில்நுட்பத்தில் முறையான பயிற்சி தருகின்றன. ஆனால் தூக்க ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களில் பலர் இ.இ.ஜி. பிரிவிலிருந்தோ நுரையீரல் சோதனைப் பிரிவிலிருந்தோ வந்து, மூத்தவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றவர்கள். கருவி விற்கும் நிறுவனத்தின் ஆள் வந்து சில நாள் சொல்லிக் கொடுப்பதே பயிற்சியாகிவிடுவதும் உண்டு. இயந்திரம் விற்க வேண்டியவரே, இயந்திரம் தேவையா என்று முடிவு செய்யும் சோதனையைக் கற்றுத் தருகிறார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒப்பந்த முறை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஆள் எடுக்கும் ஏஜென்சி மாறினால் இரவுப் பணியாளரும் மாறுகிறார்; ஆண்டுக் கணக்கில் பழகிய கண்ணும் அவரோடு போய்விடுகிறது. உடல்நலக் கேடு தனி. இரவுப் பணியை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை" என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்தது; 2019-ல் மறுஆய்வு செய்து அதே பிரிவிலேயே நிறுத்தியது. பிறர் உறக்கத்தைச் சீர்செய்பவர்கள் தங்கள் உறக்கத்தைப் பகலில் தேடுகிறார்கள்.

வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறிய கருவிகள் வந்துவிட்ட பிறகு இப்பணியாளர்கள் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. ஆய்வுக்கூடங்கள் எட்டாத ஊர்களுக்கு அக்கருவிகள் தேவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவதில்லை. நோயாளி உறங்கினாரா, விழித்துக் கிடந்தாரா என்பதே அவற்றுக்குத் தெரியாது. விழித்திருந்த நேரமும் கணக்கில் சேர்வதால், மணிக்கு இத்தனை தடவை என்ற எண் குறைந்து வரும். நோயுள்ளவர் நோயற்றவராகத் திருப்பி அனுப்பப்படலாம்.

சட்டமும் தாமதமும்

துணை மருத்துவப் பணிகளை முறைப்படுத்தும் மசோதா 2007-லேயே மக்களவைக்கு வந்து, அவை கலைந்ததும் காலாவதியானது. சுகாதார அமைச்சகத்துக்காகத் தயாரிக்கப்பட்ட 2012-ம் ஆண்டு அறிக்கை ஒன்று, இத்துறைகளில் சுமார் 64 லட்சம் பேர் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. 2018-ல் மாநிலங்களவைக்கு வந்த இன்னொரு மசோதா நிலைக்குழுவுக்குப் போய், 2020 செப்டம்பரில் புதிய வடிவில் திரும்பியது. ஒருவழியாக 2021 மார்ச்சில் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் நிறைவேறியது.

அதன் அட்டவணையில் "தூக்க ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்" என்ற பெயர் இருக்கிறது. ஆனால் இ.இ.ஜி., தசை மின்பதிவு, நரம்பு ஆய்வுக்கூடம் ஆகியவற்றோடு "அல்லது" போட்டு ஒரே வரிசையில். பகலில் குறுகிய நேரத்தில் மூளை அலை எடுப்பவரும், இரவெல்லாம் மூச்சையும் இதயத்தையும் சேர்த்துக் கண்காணித்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. துணை சுகாதாரத் தொழிலர் எனப்பட 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். வேலை பார்த்தே கற்றவர்களுக்கு இது கவலை தரும் எண்.

ஆறு மாதங்களுக்குள் மாநிலங்கள் கவுன்சில்களை அமைத்திருக்க வேண்டும். மூன்றாண்டுகள் கழிந்தும் நடக்காததால், மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 14 மாநிலங்களே கவுன்சில் அமைத்துள்ளன, அவையும் செயல்படவில்லை எனத் தெரிகிறது என்று குறிப்பிட்ட அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2024 அக்டோபர் 12-க்குள் சட்டத்தைச் செயல்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் உத்தரவிட்டது.

2025 ஏப்ரலில் பத்துத் தொழில்களுக்கான பாடத்திட்டங்களை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. பிசியோதெரபி, டயாலிசிஸ், கதிரியக்கம், மயக்க மருந்துத் தொழில்நுட்பம், உணவியல் முதலியவை அதில் இருந்தன. தூக்க ஆய்வுக்கூடம் அந்தப் பத்தில் இல்லை.