ஒரே கணக்கு, 144 கணினிகள்

ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியில் பிளஸ் டூ கணிதம் படிக்கும் மாணவருக்கு, சமன்பாடுகளைத் தீர்க்கும் காஸ் நீக்கல் முறை தெரியும். மூன்று மாறிகள் என்றால் நோட்டில் அரைப் பக்கம். மாறிகள் ஒரு லட்சமானால்? அணியில் 1,000 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் 80 ஜிகாபைட். தீர்க்கச் சுமார் 667 லட்சம் கோடி கூட்டல், பெருக்கல்.

இப்படிப்பட்ட கணக்கைத் தீர்த்துக் காட்டித்தான் சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. அதன் ‘கப்ரு’, தலா இரண்டு ஸியான் செயலிகள் கொண்ட 144 கணினிகளின் தொகுப்பு. குவார்க்கு என்ற அடிப்படைத் துகள்களை ஆராயக் கட்டப்பட்டது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கணக்கு என்பது அதன் அன்றைய வேகம்.

இப்படிப்பட்ட தொகுப்பில் ஒரு கணினியின் நினைவகம் இன்னொன்றுக்குத் தெரியாது. வேண்டிய எண்களைச் செய்தியாக அனுப்பித்தான் பெற வேண்டும். சிக்கலே இங்குதான். ஒரு சிறு செய்தி போய்ச்சேரும் சில மைக்ரோ நொடிகளில் செயலி பல ஆயிரம் பெருக்கல்களை முடித்துவிடும். ஆகவே எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டம் கட்டமாக அனுப்புகிறார்கள். பங்கீட்டிலும் நுட்பம் உண்டு. அணியை நீளப் பட்டைகளாக வெட்டிக் கொடுத்தால், நீக்கல் நகர நகர மேல்பட்டை வைத்திருக்கும் கணினிகள் வேலையின்றி நிற்கும். சிறு கட்டங்களாக்கி, சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால் கடைசிவரை எல்லாக் கணினிகளுக்கும் வேலை இருக்கும். இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இப்படிச் செய்தி அனுப்ப, 1980-களில் ஒவ்வொரு கணினித் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரு கட்டளை மொழி. இயந்திரம் மாறினால் நிரலைத் திருத்தி எழுத வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1989-ல் தொடங்கிய பி.வி.எம். என்ற மென்பொருள் இதற்கு ஒரு வழி காட்டியது. பிறகு தயாரிப்பாளர்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசி, 1994-ல் எம்.பி.ஐ. என்ற பொது விதியை வெளியிட்டார்கள். ‘அனுப்பு’, ‘பெறு’ என்பவை எல்லா இயந்திரத்திலும் ஒரே பொருள் பெற்றன. அணிகளைக் கையாள அவற்றின் மேல் பிளாக்ஸ், ஸ்கேலாபேக் என்ற நிரல் நூலகங்கள் எழுந்தன. அவற்றை உருவாக்குவதில் முன்னின்ற கணினி விஞ்ஞானி ஜாக் டொங்காரா 2021-க்கான டூரிங் விருது பெற்றார். செயலியின் வேகத்துக்குக் கிடைக்கும் புகழ் எம்.பி.ஐ. என்ற உடன்பாட்டுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

எம்.பி.ஐ.யில் எழுதிய நிரல் மடிக்கணினியின் இரண்டு கோர்களிலும் ஓடும், ஆயிரம் கணினிகளிலும் ஓடும். அந்த விதியைச் செயல்படுத்தும் எம்பிச், ஓப்பன் எம்.பி.ஐ. ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் லேன் வயரில் இணைந்த நான்கு கணினிகள் இருந்தால் போதும், அந்தப் பிளஸ் டூ கணக்கை அடுத்த ஆண்டே அங்கே பங்குபோட்டுத் தீர்க்கலாம்.