சாதனச் செலுத்தி: பழுது எங்கே?

மாணவர்களே! அச்சுப்பொறியை இணைத்தும் அது அச்சிடவில்லையா? பழுதென்று எண்ணி, அரநாயக்கவிலிருந்து மாவனெல்லைக்குத் தூக்கிச் செல்லுமுன் சற்றுப் பொறுங்கள்.

தோட்டத்தில் துரையின் கட்டளையைத் தொழிலாளரிடம் கொண்டு சென்றவர் கங்காணி. அவ்வாறே, பணிசெயல் முறைமையின் கட்டளையை வன்பொருளுக்கு விளங்கவைக்கும் மென்பொருளே சாதனச் செலுத்தி. கங்காணி வராத நாளில் வேலை நடக்காவிட்டால் அது தொழிலாளியின் குற்றமன்று.

விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் அச்சாதனத்தில் சிக்கல் உண்டு. அதன் மீது இருமுறை சொடுக்கினால் குறியீட்டெண் தெரியும்.

1. குறியீடு 28: செலுத்தி நிறுவப்படவில்லை. உற்பத்தியாளரின் இணையத்தளத்திலிருந்து பெற்று நிறுவுக. 32 பிட்டா, 64 பிட்டா எனப் பார்த்துத் தெரிவுசெய்க.
2. குறியீடு 10: சாதனம் தொடங்கவில்லை. வடத்தைக் கழற்றி மீண்டும் இணைக்க; பின் செலுத்தியை இற்றைப்படுத்துக.
3. இற்றைப்படுத்திய பின் கோளாறு வந்தால்: 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழைய செலுத்திக்குத் திரும்புக.
4. கணினியே தொடங்காவிட்டால்: 'சேஃப் மோட்' முறையில் தொடங்குக.

இடி மின்னல் வேளையில் இற்றைப்படுத்த வேண்டாம். மின் தடைப்பட்டால் நிறுவல் அரைகுறையாகிவிடும்.

2024 யூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் செலுத்தி, இற்றைப்படுத்தலில் வந்த பிழையான கோப்பொன்றை வாசித்ததே காரணம். வன்பொருள் எதுவும் பழுதாகவில்லை. சேஃப் மோடில் அக்கோப்பை நீக்கியதும் கணினிகள் மீண்டும் இயங்கின.

நினைவிற்கொள்க: சாதனச் செலுத்தி ஒரு முறைமை மென்பொருள், வன்பொருள் அன்று.